வாவிக்கு அப்பால் விழுந்தவர்கள்

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுந்தவர்களில் அனேகர் வாவியையும் பாடும் மீனையும் தாண்டுவதில்லை. முகத்துவாரத்துக்கு வெளியே கடல் என்ன வைத்திருக்கிறது என்று தேடப் போனபோதுதான் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி எனக்கு அகப்பட்டது.

அன்று முற்பகல், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரித்தானியக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. விமானந்தாங்கி என்பது பெயரளவில்தான். அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. திருகோணமலை தாக்கப்படும் என்றறிந்து முதல்நாள் இரவே துறையை விட்டு அவசரமாகக் கிளம்பிய கப்பல் அது. தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். கூடச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்' உம் தப்பவில்லை. 'வீற்றா' என்னும் வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து தூக்கியெடுத்தது. இவ்வளவும் ஓரளவு தெரிந்த கதை. சுழியோடிகள் இன்றும் அந்த இரும்பைப் பார்க்க வருகிறார்கள்.

கதையின் மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை, நேயர்களே. அதே முற்பகலில், பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் அணியைச் சேர்ந்த ஒன்பது பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பற்படையைத் தேடிப் பிடித்தன. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்து கிளம்பியவை அவை. காவலுக்குச் சண்டை விமானம் ஒன்றும் கூடப் போகவில்லை.

ஜப்பானியக் கப்பல்களில் ராடார் இல்லை. 'அககி'யைச் சுற்றித் தண்ணீர் எழும்பிய பிறகே அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால் ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. நான்கு பிளெனிம்களை ஸீரோ விமானங்கள் அங்கேயே வீழ்த்தின. மிஞ்சியவை திரும்பும் வழியில், ஹெர்மிஸை முடித்துவிட்டு வந்த ஜப்பானிய விமானங்கள் குறுக்கிட்டன. ஐந்தாவதும் போயிற்று. விமானத்துக்கு மூன்று பேர்.

வீண் சாவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானிய விமானந்தாங்கிகள்மீது அணியாகச் சென்று நடத்திய முதல் வான்தாக்குதல் அது. மேலிருந்து வருபவனைக் காண இயலாதவர்கள் அவர்கள் என்பது அன்றே வெளிப்பட்டது. ஜப்பானியர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜூன் 4இல், மிட்வேயில், அதே 'அககி' அதே விதமாக அகப்பட்டு எரிந்தது.

உடல் கிடைக்காத விமானப்படையினரின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடச் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். அங்கே போகும் நம்மவர்கள் 11ஆம் அணியின் பெயர்களைக் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம்.