டீசல் பிக்கப்புக்கு டர்போசார்ஜர் தேர்வு

டீசல் பிக்கப் வண்டியில் தொழிற்சாலை பொருத்தி அனுப்பிய டர்போவைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கூடுதலாகக் காற்றுத் தரும் ஒன்றை மாட்டுவதையே டர்போ மேம்பாடு என்கிறார்கள். வட அமெரிக்காவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. குதிரை டிரெய்லர், வைக்கோல் உருளை, படகு என்று பல டன் எடையைப் பின்னால் கட்டி மலையேறுகிறவர்கள் ஒரு பக்கம். இழுவைப் போட்டிக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் வண்டி கட்டுகிறவர்கள் மறுபக்கம். இரு சாராரும் ஒரே கடையில் டர்போ வாங்கலாம், ஆனால் ஒரே டர்போவை வாங்கக் கூடாது. தேர்வில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகையால் டர்பைன் என்ற ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் யோசனைக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். 1920களில் கப்பல் டீசல்களில் அது பயன்பாட்டுக்கு வந்தது. பிக்கப் உலகில் திருப்புமுனை 1989. அந்த ஆண்டு டாட்ஜ் ராம் வண்டிக்குள் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், 6 சிலிண்டர் டர்போ டீசல் புகுந்தது. அன்று அதன் திறன் 160 குதிரைத்திறன்தான். அதன் வழிவந்த 6.7 லிட்டர் இன்ஜின் 2021இல் 420 குதிரைத்திறன் வரை தந்தது. ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக், ஜெனரல் மோட்டார்ஸின் டூராமேக்ஸ் ஆகியவையும் இதே களத்தில் உள்ளன. ஆயினும் டர்போ தேர்வைக் கற்க 5.9 கம்மின்ஸைப் போல நல்ல பாடம் வேறில்லை. அமைப்பு எளியது, டீசல் எண்ணெய் கூட்டுவது சுலபம், எங்கே காற்று போதவில்லை என்பதும் வெளிப்படையாகத் தெரியும்.

எண்ணெய் முன்னே, காற்று பின்னே

பெட்ரோல் இன்ஜினில் காற்றை அளந்து விட்டு அதற்கேற்ற பெட்ரோலைத் தருவார்கள். டீசலில் காற்று தடையில்லாமல் போகும். எவ்வளவு சக்தி வர வேண்டும் என்பதை இன்ஜெக்டர் பீய்ச்சும் எண்ணெய்தான் தீர்மானிக்கும். ஆகவே டர்போவை மட்டும் மாற்றிவிட்டுக் குதிரைத்திறன் ஏறும் என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். பெரிய இன்ஜெக்டர் போட்டோ, பம்பைக் கூட்டி வைத்தோ, மின்னணுக் கட்டுப்பாட்டைத் திருத்தியோ எண்ணெயை ஏற்றிய பிறகு, எரிக்கக் காற்றில்லாமல் திணறும் வண்டிக்குத்தான் பெரிய டர்போ மருந்து.

அந்தத் திணறலுக்கு அடையாளங்கள் இரண்டு. ஒன்று, புகைக்குழாயில் நிற்காமல் வரும் கரும்புகை. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாது: டர்பைனுக்கு முன்னால் புகையின் வெப்பம். சுமை இழுக்கும்போது அது நீண்ட நேரம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கக் கூடாது என்பது அமெரிக்க டீசல் பட்டறைகளின் பொதுவான எல்லைக்கோடு. அதைத் தாண்டி மலை முழுதும் ஏறினால் பிஸ்டனின் தலையும் டர்பைன் சக்கரமும் வெந்துபோகும்.

காற்றுக் கணக்கு

தேர்வு கணக்கில் தொடங்க வேண்டும், விளம்பரத்தில் அல்ல. 5.9 லிட்டர் இன்ஜினிலிருந்து 400 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 172 கிராம் டீசல் என்றால் நிமிடத்துக்கு 1.15 கிலோ எண்ணெய் எரியும். புகை மட்டுப்பட்டு எரிய எண்ணெயின் எடையைப் போல 20 மடங்கு காற்று வேண்டும். ஆக, நிமிடத்துக்கு 23 கிலோ காற்று.

இனி இன்ஜின் தானாக எவ்வளவு இழுக்கும் என்று பார்க்கலாம். நிமிடத்துக்கு 2,800 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டர்கள் நிரம்புவதால், 1,400 முறை 5.9 லிட்டர் உள்ளே போகும். 95 விழுக்காடு நிரம்பினால் ஏறத்தாழ 7,850 லிட்டர். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரைத் தாண்டி 55 டிகிரியில் வரும் காற்று, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், இந்தக் கொள்ளளவுக்கு எட்டரைக் கிலோதான் இருக்கும். தேவை 23 கிலோ. எனவே உள்ளே அழுத்தம் 2.7 மடங்காக வேண்டும். காற்று வடிகட்டியிலும் இண்டர்கூலரிலும் இழப்பதைச் சேர்த்தால் கம்ப்ரசர் தர வேண்டிய அழுத்த விகிதம் கிட்டத்தட்ட 3.

இது கடல் மட்டத்துக் கணக்கு. கொலராடோவின் டென்வர் நகரம் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றே மெலிந்தது. அதே 23 கிலோவுக்கு விகிதம் 3.6ஐ நெருங்கும். அங்கிருந்து மேற்கே மலைச்சாலையில் போனால் வரும் ஐசனோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே அதே காற்றைக் கேட்டால் விகிதம் 4.5 வரை போகும். ஒற்றை டர்போவுக்கு அது அளவுக்கு மீறிய சுழற்சி. டர்போ தண்டு சாதாரணமாகவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொடும். அதற்கு மேல் விரட்டினால் பேரிங் தேயும், சக்கரமே வெடித்துச் சிதறவும் கூடும். சமவெளியில் ஓட்டுகிறவருக்குப் பொருந்திய டர்போ மலைநாட்டுக்காரருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

காற்றின் அளவு, அழுத்த விகிதம் என்ற இந்த இரண்டு எண்களையும் உற்பத்தியாளர் தரும் கம்ப்ரசர் வரைபடத்தில் குறித்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தின் நடுவே தீவுகள் போல வளையங்கள் இருக்கும். உள்வளையத்துக்குள் கம்ப்ரசர் குறைந்த சூட்டில் கூடுதல் வேலை செய்யும். இடது எல்லைக்கு அப்பால் போனால் காற்று முன்னும் பின்னுமாகத் துடிக்கும். இதற்குச் சர்ஜ் என்று பெயர். சுமையோடு ஏறுகையில் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால் வான்கோழி கத்துவது போல ஒரு சத்தம் கேட்குமே, அது இதுதான். சிலர் அதைக் கேட்டு மகிழ்கிறார்கள். உண்மையில் அது தண்டின் நெட்டுவாக்குப் பேரிங்குக்கு விழும் அடி. வலது எல்லைக்கு அப்பால் கம்ப்ரசர் காற்றைச் சூடாக்குமே தவிரக் கூடுதலாக அனுப்பாது.

அளவுகளைப் படித்தல்

1990களின் நடுவில் வந்த 12 வால்வு ராம் வண்டிகளில் ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போ இருந்தது. எண்ணெய் கூட்டிய வண்டியில் அது 400 குதிரைத்திறன் அளவில் மூச்சு வாங்கத் தொடங்கும் என்பது அனுபவக் கணிப்பு. அதற்கு மேலே போகிறவர்கள் பெரும்பாலும் போர்க்வார்னரின் எஸ்300 குடும்பத்துக்கு மாறுகிறார்கள். கடைகளில் இவற்றை 62/65/12 போன்ற எண்களால் குறிப்பார்கள். முதல் எண் கம்ப்ரசர் சக்கரத்தின் வாய் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது டர்பைன் சக்கரத்தின் விட்டம். மூன்றாவது டர்பைன் கூட்டின் புகைவழிப் பரப்பு, சதுர சென்டிமீட்டரில்.

எல்லோரும் முதல் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். வண்டியின் குணத்தை அதிகம் மாற்றுவது மூன்றாவது எண். கூட்டின் வழி குறுகலானால் புகை வேகமாகப் பாயும், டர்போ சீக்கிரம் எழும். ஆனால் உயர்சுற்றில் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜினுக்குள் எதிரழுத்தம் ஏறும், சூடும் ஏறும். வழி அகன்றால் மேலே சுகமாக மூச்சு விடும். கீழே, சிக்னலில் நின்று கிளம்பும்போது, வண்டி தவழும். நம் ஓட்டுநர்கள் ‘பிக்கப் இல்லை’ என்று சொல்வது இந்தத் தாமதத்தைத்தான். புகைப்பக்க அழுத்தமும், கம்ப்ரசர் இன்ஜினுக்குள் அனுப்பும் காற்றின் அழுத்தமான பூஸ்ட்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் பொருத்தம் நன்று. புகைப்பக்கம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று போனால், கம்ப்ரசர் எவ்வளவு உயர்ந்ததானாலும் டர்பைன் பக்கம் தவறாக வாங்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சுமை இழுக்கும் 5.9க்கு 62/65/12 அளவே போதுமானது என்பது இக்கட்டுரையின் முடிவு. 66 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பந்தயக்காரருக்கு உரியவை. 1,600 சுற்றில் டிரெய்லரை மேட்டில் இழுக்கும் விவசாயிக்கு அந்த டர்போ எழுவதற்குள் வண்டி சூடேறிவிடும். விரலுக்கேற்ற வீக்கம் என்ற சொல் இங்கே அப்படியே பொருந்தும். இரண்டு குணமும் வேண்டுமானால் வழி இரட்டை டர்போ: பெரியது அமுக்கிய காற்றைச் சிறியது மறுபடி அமுக்கும். விகிதங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன, ஒன்று 1.8, மற்றொன்று 2.2 என்றால் மொத்தம் ஏறத்தாழ 4. எந்தத் தண்டும் அளவு மீறிச் சுழல வேண்டியதில்லை. செலவும் குழாய் வேலையும் மட்டுமே தடை.

மாறும் வடிவ டர்போக்கள்

2004 வாக்கில் டூராமேக்ஸிலும், 2003 முதல் ஃபோர்டு 6.0 லிட்டரிலும், 2007இல் 6.7 கம்மின்ஸிலும், புகைவழியைத் தேவைக்கேற்பச் சுருக்கி விரிக்கும் டர்போக்கள் வந்தன. கம்மின்ஸில் அதுவே மலையிறக்கத்தில் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்காகவும் வேலை செய்கிறது. கரி படிந்தும் துருப்பிடித்தும் அசையும் பாகங்கள் சிக்கிக்கொள்வது இவற்றின் பொதுக் குறை. அதைக் காரணம் காட்டி எளிய டர்போவுக்கு மாறுகிறவர் அந்த எக்ஸாஸ்ட் பிரேக்கை இழக்கிறார். பத்து டன்னோடு இறக்கத்தில் போகிறவருக்கு இது சிறிய இழப்பல்ல. இந்த வண்டிகளுக்கு அதே வகையில், சற்றே பெரிய சக்கரத்தோடு கட்டிய டர்போவைத் தேடுவதே நல்லது.

கையால் சோதித்தல்

பழைய டர்போ வாங்கினாலும், கழற்றிய டர்போவைப் பார்த்தாலும், கம்ப்ரசர் மூக்கை இரு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் இலேசாக ஆடலாம். இன்ஜின் ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங்கின் இயல்பு அது. முன்னும் பின்னும் இழுத்தால் விரலுக்கு அசைவு தெரியக் கூடாது. தெரிந்தால் பேரிங் முடிந்தது. சக்கரத்தின் ஓரம் கூட்டில் உரசிய பளபளப்பான கோடு, மணல் தின்று வளைந்த இறக்கை நுனி, வாய்க்குள் ஈர எண்ணெய் எல்லாம் விலையைக் குறைக்கச் சொல்பவை அல்ல, திரும்பிப் போகச் சொல்பவை. பொருத்திய பின் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெய்த் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிக் கையால் சுழற்ற வேண்டும். உலர்ந்த பேரிங் சில நொடிகளில் கெட்டுவிடும்.

பூஸ்ட் உயர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டும் ஹெட் போல்ட்டுகளும், தானியங்கி கியர்பாக்ஸும், கிளட்ச்சும் தொடர்ந்து செலவு கேட்கும். டர்போவின் விலையை மட்டும் மனத்தில் வைத்து இறங்கினால் பாதியில் நிற்க நேரிடும்.

சட்டம்

அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றுவதும் செயலிழக்கச் செய்வதும் குற்றம். கலிஃபோர்னியாவில் மாற்று டர்போவுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் விலக்கு ஆணை எண் வேண்டும். பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்பாகங்கள் நீக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணித்தது. சாலையோரம் நடக்கும் குழந்தையின் முகத்தில் கரும்புகை கக்கும் வண்டி திறமையின் அடையாளம் அல்ல. சரியாகத் தேர்ந்த டர்போ புகையைக் குறைக்கவே செய்யும்.

டர்போவுக்குப் பணம் கட்டும் முன் ஒரு புகைவெப்பமானியையும் பூஸ்ட் மானியையும் பொருத்துங்கள். வழக்கமான சுமையோடு, வழக்கமான மேட்டில், ஒரு மாதம் அவற்றின் எண்களைக் குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.