கோழையா, நோயாளியா? போர்க்கள மனக்காயத்தின் தமிழ் வரலாறு

திண்டுக்கல் மலைக்கோட்டை 1790-இல் திப்புவின் ஆட்களிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் கைக்கு வந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமையும் கும்பினிக்குச் சேர்ந்தது. அதற்கு இரண்டாண்டு கழித்து, சென்னையில் வாலன்டைன் கொனோலி என்ற அறுவை மருத்துவர் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதியைத் திறந்தார். இன்றைய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் முன்கதை அங்கேதான் தொடங்குகிறது. போரிலும் வெயிலிலும் சாராயத்திலும் நிலைகுலைந்த ஐரோப்பியச் சிப்பாய்களைக் கும்பினி 1818 முதல் கப்பலேற்றி, லண்டனை அடுத்த ஹாக்னியில் இருந்த பெம்ப்ரோக் இல்லத்துக்கு அனுப்பியது. அதே படையில் நின்ற தமிழ்ச் சிப்பாய்க்கு அந்த இல்லத்தில் இடமில்லை.

போர் ஒருவன் மனத்தை உடைக்கும் என்று மருத்துவம் ஒப்புக்கொள்ள இன்னும் நூறாண்டு ஆனது. ஒப்புக்கொண்ட பிறகும், யாருக்கு நோய், யாருக்குக் கோழைத்தனம் என்பதைப் பெரும்பாலும் படைத்தகுதியும் தோல் நிறமுமே முடிவு செய்தன. இதற்கு 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியின் கதையே போதும்.

முதல் உலகப் போரில், 1914 அக்டோபர் 16-ஆம் தேதி பம்பாயிலிருந்து கிளம்பிய கப்பல்களில் அந்தச் சென்னை மாகாணப் படைப்பிரிவும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நெரிசலிலும் குமட்டலிலும் கிடந்தவர்களை, கரையில் ஓய்வெடுக்கவும் விடாமல், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் தளபதி ஐட்கன் இறக்கினார். எதிரே நின்றவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்; இறங்கியவர்கள் சுமார் எட்டாயிரம் பேர். ஆனால் நவம்பர் 4 அன்று புதர்க்காட்டுக்குள் இயந்திரத் துப்பாக்கிகள் சீறத் தொடங்கியதும் பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது. ராஜபுத்திரர் படையும் அந்தச் சண்டையில் நிலைகுலைந்தது என்றாலும், பழி அதிகமாக ஒட்டியது சென்னைக்காரர் மீதுதான். தென்னாட்டார் போர்க்குணம் அற்றவர்கள் என்ற படைத்தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் கொள்கை 1880-களிலிருந்தே ராணுவத்தில் வேரூன்றியிருந்தது. ஓடியவர்களின் மனநிலையை எந்த மருத்துவர் சோதித்தார் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

மூன்று மாதம் கழித்து, 1915 பிப்ரவரியில், ராணுவ மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் ‘லான்செட்’ இதழில் மூன்று வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி எழுதினார். குண்டு வெடித்த அதிர்ச்சியில் பார்வையும் நினைவும் முகர்வும் சுவையும் குலைந்தவர்கள் அவர்கள். ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் மருத்துவத்துக்குள் நுழைந்தது அப்போதுதான். அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரக் கிச்சனர் இந்திய மருத்துவமனையில் நடந்தது வேறு. இந்தியர்கள் களத்திலிருந்து தப்பத் தங்கள் கையைத் தாங்களே சுட்டுக்கொள்கிறார்கள் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். கர்னல் புரூஸ் சீட்டன் ஆயிரம் காயங்களை ஆராய்ந்து, அதற்குச் சான்றில்லை என்று எழுதினார். நேர்மையான ஆய்வுதான், ஆனாலும் இந்தியச் சிப்பாயிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி ‘நீ ஏமாற்றுகிறாயா?’ என்பதே.

ஷெல் ஷாக் மருத்துவத்தில் மனிதத்தன்மைக்காக நினைக்கப்படும் பெயர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளைப் பேசவைத்து, அடக்கிவைத்த நினைவுகளை அவர்களே எதிர்கொள்ள உதவியவர். சாதாரணச் சிப்பாய்களுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பேச்சை வரவழைத்த மருத்துவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். இந்த ரிவர்ஸ்தான் 1901–02-இல் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி, அவர்களின் உறவுமுறையையும் சடங்குகளையும் குறித்து 1906-இல் பெரிய நூலை வெளியிட்டவர். மனிதரை அவரது சொந்தபந்தத்தோடு சேர்த்துப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. ஆனால் ராணுவ மனநலம் அந்தக் கண்ணைப் பின்பற்றவில்லை. களத்துக்கு அருகிலேயே, உடனடியாக, ‘தேறிவிடுவாய்’ என்ற நம்பிக்கையூட்டிச் சிகிச்சை தந்து, ஆளை மறுபடி சண்டைக்கு அனுப்புவதே அதன் இலக்கானது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் விடாது குரல் கொடுத்த பின், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. எனும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் இடம்பெற்றது. அங்கும் நோயாளி என்றால் தனி ஒருவர்தான்.

அந்த வரையறை போதாது என்பதை இலங்கை உள்நாட்டுப் போருக்கு நடுவே இருந்து காட்டியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1998-இல் வந்த அவரது நூல் இலங்கைத் தமிழர் மீது போர் விட்ட வடுக்களைத் தொகுத்தது. 2002-இல் சிறார் போராளிகளைப் பற்றி எழுதியபோது, பிள்ளைகளைப் படைக்குத் தள்ளிய சூழலையும் சேர்த்தே விளக்கினார். 2007-இல் வெளிவந்த கட்டுரை ‘கூட்டு மனவடு’ என்ற கருத்தை முன்வைத்தது. அவநம்பிக்கை, மௌனம், யாரையாவது சார்ந்தே நிற்கும் பழக்கம் என ஊரே நோயுறும் விதத்தை அதில் காணலாம். எட்டுச் செலவு, அந்தியேட்டி முதலிய ஈமச்சடங்குகளைச் செய்ய உடல் கிடைக்காத குடும்பத்தின் துக்கத்துக்கு, மாத்திரை மட்டும் மருந்தாகாது. கிராமத்து ஊழியர்களுக்குப் பயிற்சி, சடங்குகளுக்கு வழி, அவரவர் சமயச் சொல்லையே உச்சரித்து மனத்தைத் தளர்த்தும் பயிற்சி ஆகியவற்றைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். டாங்காவில் ஓடியவர்களுக்குக் கிடைக்காத பரிவு இந்த மருத்துவத்தில் இருக்கிறது.

அதே போரின் அகதிகள் 1983 முதல் அலையலையாகத் தமிழகம் வந்தார்கள். திண்டுக்கல் சமவெளியிலும் முகாம்கள் எழுந்தன. நகரை ஒட்டிய தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே ‘அகதிகள் முகாம்’ என்ற பலகை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியிருந்தது. இருப்பிடமும் அக்கம்பக்கமும் சிதைவதே காயத்தின் பாதி என்ற சோமசுந்தரத்தின் பார்வையில், இந்த வீடுகள் கட்டுமானக் கணக்கில் மட்டும் சேர்பவை அல்ல, மருத்துவக் கணக்கிலும் சேர்பவை. குடியுரிமையும் அப்படித்தான். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முகாமிலேயே பிறந்து, திண்டுக்கல்லைத் தவிர வேறு ஊர் அறியாத பிள்ளைகளுக்காக, மனநல மருத்துவர்களும் குடியுரிமைக் கோரிக்கையை உரக்க எழுப்ப வேண்டும்.