சொல்வதும் காட்டுவதும்

ஒருவர் தொழிலைக் கற்றுக்கொள்ளவில்லையெனில் குற்றம் யாருடையது? கற்பவருக்குக் கூர்மை போதாது என்று சொல்லிவிடுவது உலக வழக்கம். அவ்வழக்கை மாற்ற முற்பட்ட ஒரு முயற்சியின் வரலாற்றை நாம் இங்கே காண்போம்.

முதல் உலகப் போரில் 1917ஆம் ஆண்டு அமெரிக்கா இறங்கியபோது, கப்பல்களை விரைந்து கட்டவேண்டியதாயிற்று. கப்பல் கட்டும் துறைகளுக்கு வந்த புதியோர்க்கோ தொழில் தெரியாது. அவர்களைப் பழக்குவதற்குச் சார்லஸ் ஆலன் என்பவர் நான்கு படிகளை வகுத்தார். கற்பவரை ஆயத்தம் செய்தல், வேலையை விளக்கிக் காட்டல், அவரையே செய்யவைத்தல், தேர்ச்சியைச் சோதித்தல் என்பன அவை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஆகஸ்டில், அந்நாட்டு அரசாங்கம் தொழிலகப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. படைக்கருவிகளுக்கான கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து இழைக்கும் கைவினைஞர்க்கு அப்போது பெரும் பஞ்சம். அத்தொழிலில் தேர ஐந்தாண்டு ஆகும் என்றனர். ஆராய்ந்து பார்த்ததில், அது பல சிறு வேலைகளின் தொகுதி என்பதும், அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு உயர்ந்த திறன் வேண்டியதில்லை என்பதும் புலனாயின. எளியவற்றைப் புதியோரிடம் ஒப்படைத்து, அரிய நுட்பங்களைத் தனியே பிரித்துக் கற்பித்தனர், ஆண்டுக்கணக்கு மாதக்கணக்காயிற்று.

மேற்பார்வையாளர் பத்துப்பேர் கொண்ட குழுவுக்குப் பத்து மணி நேரப் பாடம் வகுக்கப்பட்டது. மின்கம்பியில் இடும் ஒரு முடிச்சை ஆசிரியர் முதலில் வாயாற் சொல்வார். கேட்டவர் கை தடுமாறும். பிறகு பேசாமற் செய்து காட்டுவார், அப்போதும் தடுமாறும். ஒவ்வொரு படியையும் காட்டி, அதன் உயிர்நிலையான நுட்பத்தைச் சொல்லி, அவரையே செய்யவைத்தால்தான் கை பழகும். 1945இல் திட்டம் முடிவுறுவதற்குள் 16,500க்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில் 17 இலட்சத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பெற்றன. போருக்குப்பின் ஜப்பான் இம்முறையை ஏற்றது; டொயோட்டா நிறுவனமும் தன் தொழிற்சாலைகளில் இதனைக் கையாண்டது.

தொழிலாளி கற்கவில்லையெனில் கற்பித்தல் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதே இம்முறையின் அடிப்படை. பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்த நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். மொழி முழுதும் வசப்படாத பட்டறையில், சொல்லை விளங்கிக்கொள்ளத் தாமதித்தவரை வேலை தெரியாதவர் என்று தள்ளிவிடுவது எளிது. நம்மிற் பலர் இன்று மேற்பார்வையாளராக உயர்ந்திருக்கிறோம். நம்மிடம் பழக வரும் புதியவரின் தாய்மொழியும் வேறாக இருக்கலாம். அவரைத் தள்ளுமுன், நான்கு படிகளில் எதை விட்டோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.