தோட்டத்து நோயாளியின் வாய்மொழி: ஊவா மருத்துவ வரலாற்றில் ஒரு நோக்கு

ஊவாத் தோட்டங்களின் மருத்துவ வரலாற்றை ஆராயப் புகுவோர் 1869ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். அவ்வாண்டிலே மடூல்சீமைப் பகுதியின் காப்பி இலைகளில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. நோயுற்ற இலை பேராதனைப் பூங்காவுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் சென்றது. பூஞ்சண அறிஞர் பேர்க்லி அதனை ஆராய்ந்து அவ்வாண்டிலேயே நோய்க்காளானுக்குப் பெயரும் இட்டார். அச்செடியின் அடியில் நின்று உழைத்த தொழிலாளியின் நோயைத் தேடித் தோட்டங்களுக்கு நுணுக்குக்காட்டி பரவலாக வந்ததோ ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னராகும். ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இல் தொடங்கியபோதே அது கைகூடிற்று. இலைக்குக் கிடைத்த முந்துரிமை மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

இக்காலமெல்லாம் நோயாளியின் சார்பிற் பேசியவர் யார் என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. மண்டபம் முகாமில் அவர்கள் வரிசையாக நிறுத்திப் பார்க்கப்பட்டனர், அம்மை குத்தப்பட்டனர். தோட்டத்தை அடைந்த பின்னர், காலைப் பெரட்டில் ‘இன்னாருக்குச் சுகமில்லை’ என்ற செய்தி கங்காணியின் வாய்வழியாகவே கணக்கப்பிள்ளையையும் துரையையும் எட்டியது. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இல் முதற்சட்டம் பிறந்தது. பின்னர் வந்த 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தோட்டத்தில் நிகழும் நோய்களை அறிந்துகொள்ளும் கடமையைத் தோட்ட அதிகாரியிடமே ஒப்படைத்தது. நோய் தொழிலாளியினுடையது, அறிக்கை துரையினுடையது! மருந்து கலக்கித் தந்த டிஸ்பென்சர் ஐயா நோயாளியிடம் நேரே வினவினார் என்பது உண்மையே. எனினும் அவரும் தோட்டத்திற் சம்பளம் பெற்ற உத்தியோகத்தரே.

1895இல் றொண்ட்ஜன் கண்ட எக்ஸ்-கதிரும் இந்நிலையைப் பெரிதும் மாற்றவில்லை. நோயாளி வாய் திறவாமலே எலும்பின் படத்தை எடுத்துவிடலாம். காந்தப் பரிவுப் படமெடுக்கும் கருவியோ, அதாவது பேச்சுவழக்கில் எம்.ஆர்.ஐ. எனப்படுவதோ, வேறு இயல்பினது. 1973இல் லோட்டர்பர் இதற்கு வழிகாட்டினார். 1977இல் தமாதியன் குழுவினர் மனித உடலைப் படமாக்கினர். 2003இல் லோட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு கிட்டியது. அவ்வரலாறு பலரும் அறிந்தது. கருவியறையில் அன்றாடம் நிகழும் வேலையே நமக்கு முக்கியமானது.

1.5 தெஸ்லா வலிமையுள்ள காந்தம் புவிக்காந்தத்திலும் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. −269 பாகை செல்சியசிலுள்ள திரவ ஈலியத்தில் அமிழ்ந்த கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஓயாது சுற்றுவதால், மின்சாரம் தடைப்பட்ட இரவிலும் அக்காந்தம் உறங்குவதில்லை. 2018இல் மும்பை நாயர் வைத்தியசாலையில், ஒட்சிசன் உருளையுடன் அவ்வறையினுட் சென்ற நோயாளியின் உறவினர் ஒருவர் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். கருவி நிறுத்தப்பட்டுள்ளதென அவருக்குக் கூறப்பட்டதாக உறவினர் தெரிவித்தனர். ஒரு சொல்லின் பிழை உயிரைக் கொண்டது.

ஆதலால் அங்கு பணிபுரியும் தொழில்நுட்பவியலாளரின் நாள் பொத்தானை அழுத்துவதிலன்றி வினாக் கேட்பதிலேயே தொடங்குகின்றது. இதயமுடுக்கி உண்டா? மூளையிற் கவ்வி பொருத்தப்பட்டதா? கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதா? நோயாளியே விடை கூறவேண்டும். பின்னர் பேரிரைச்சலின் நடுவே அரைமணி நேரம் அசையாது கிடக்கவேண்டும். வயிற்றைப் படமெடுப்பின் மூச்சை அடக்கும் கட்டளையும் காதில் விழும். கட்டளை விளங்காதவர் அசைவார், படம் கலங்கும், மீண்டும் எடுக்கவேண்டும்.

பசறையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ வரும் தொழிலாளி இக்கதவருகே எம்மொழியில் வினவப்படுகிறார்? 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1999இல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனமாயின. ஆயினும் படிவத்தைத் தமிழில் அச்சிடுவதுடன் காரியம் முடிந்துவிடாது. ‘உடலில் உலோகப் பொருள் உண்டா?’ என்பது நமது ஏட்டுத் தமிழ். ‘எலும்பு முறிஞ்சு கம்பி, தகடு வச்சிருக்கா?’ என்றாலே லயத்து மூதாட்டிக்கு விளங்கும். கவ்வாத்துக் கத்தி தீட்டியவரிடமும், தேயிலைத் தொழிற்சாலையில் அரம் பிடித்தவரிடமும் கண்ணைப்பற்றித் தனியே கேட்கவேண்டும். நாற்பதாண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தியையும், கழற்ற மனம் ஒவ்வாத தாலியையும்பற்றி அந்த வாசலில் வைத்து முதன்முறையாகச் சொல்வது முறையன்று. மஞ்சட் கயிறு மாற்றிக்கொள்ள வீட்டிலே அவகாசம் வேண்டும்.

ஒரு நாள் உழைப்பைத் தோட்டத்தார் ‘பேர்’ என்பர், அரைநாள் ‘அரைப்பேர்’. விளக்கமின்றித் திருப்பி அனுப்பப்படும் நோயாளிக்கும், துணைக்கு வந்த மகளுக்குமாக இரண்டு பேர் போய்விடும். இவ்வினாக்களைத் தோட்டத்து மருந்தகத்திலேயே, நோயாளி புறப்படுமுன், அவரது பேச்சிலேயே கேட்டு எழுதி அனுப்பலாம். கண்ணில் இரும்புத்தூள் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் முன்கூட்டியே எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளும், நின்று கேட்கும் ஒருவரும் போதும்.