கிரிவலம் சுற்றினால் எத்தனை கலோரி குறையும்? ஸ்மார்ட் வாட்ச் காட்டும் கணக்கை நம்பலாமா?

திருவண்ணாமலையில் கிரிவலம் முடித்ததும் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சைப் பார்த்து, "அட, 735 கலோரி போயிருக்கே!" என்று சந்தோஷப்படுபவரா நீங்கள்? அடுத்து நேராக டிபன் கடைக்குத்தான் போவீர்களா? அப்படியென்றால் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

14 கி.மீ. நடந்தால் எவ்வளவு?

கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். 70 கிலோ எடை உள்ளவர் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் மூன்றரை மணி நேரம் ஆகும். இதற்கு மொத்தம் சுமார் 735 கலோரி செலவாகும்.

ஆனால் இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த மூன்றரை மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் உடல் சுமார் 245 கலோரியை எப்படியும் செலவழித்திருக்கும். அதைக் கழித்தால், நடந்ததால் கூடுதலாகக் குறைந்தது சுமார் 490 கலோரிதான்.

வேகமாக நடந்தால் அதிகம் குறையுமா?

பெரிய வித்தியாசம் இல்லை. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தாலும் 14 கி.மீ.க்கு அதே சுமார் 490தான் வரும். சமதள நடையில் வேகத்தைவிட தூரமும் உடல் எடையுமே முக்கியம். எளிய ஃபார்முலா இதோ:

உடல் எடையில் பாதி × நடந்த கிலோமீட்டர் = கூடுதலாக எரிந்த கலோரி (தோராயமாக)

60 கிலோ என்றால் 30 × 14 = 420. 80 கிலோ என்றால் 40 × 14 = 560.

வாட்ச் ஏன் தப்பாகக் காட்டுகிறது?

வாட்ச் கலோரியை நேரடியாக அளப்பதில்லை. கை அசைவு, இதயத் துடிப்பு, நீங்கள் பதிவு செய்த வயது, எடை ஆகியவற்றை வைத்து ஊகிக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் 60 பேரிடம் 7 கருவிகளைச் சோதித்தது. இதயத் துடிப்பை 6 கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் மட்டும் கோட்டை விட்டன. இருப்பதிலேயே துல்லியமான கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. மோசமான கருவிக்கு 93 சதவீதம்!

அப்போ எடை குறையாதா?

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அதை நடந்தே கரைக்க, 70 கிலோ எடை உள்ளவர் சுமார் 16 முறை கிரிவலம் வர வேண்டும். வருஷத்துக்கு பௌர்ணமி 12 அல்லது 13தான். அதாவது பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடந்தால் மட்டும் வருஷத்துக்கு ஒரு கிலோ கூட குறையாது. அதுவும் சாப்பாடு கொஞ்சமும் கூடாமல் இருந்தால்!

இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சுமார் 120 கலோரி. பூரி, வடை, பரோட்டா என்று 4 ஸ்பூன் எண்ணெய் உள்ளே போனால் முழு கிரிவலக் கணக்கும் சரியாகிவிடும். 2 டீஸ்பூன் சர்க்கரை போட்ட டீயில் சர்க்கரைக்கு மட்டும் 40 கலோரி. "735 எரிச்சுட்டேன், 735 சாப்பிடலாம்" என்று கணக்குப் போட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

என்ன செய்யலாம்?

* ஆப்பில் 'டோட்டல்', 'ஆக்டிவ்' என்று இரண்டு எண்கள் இருந்தால் 'ஆக்டிவ்' எண்ணை மட்டும் பாருங்கள்.
* அந்த எண்ணை சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்காதீர்கள். போன வாரத்தைவிட இந்த வாரம் அதிகம் நடந்தோமா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.
* வேங்கிக்கால் போல பாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தினமும் முழுச் சுற்று வர வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் இரண்டரை கி.மீ. நடந்தால் சுமார் 90 கலோரி. தினமும் நடந்தால் ஐந்தரை நாளில் ஒரு கிரிவலக் கணக்கு வந்துவிடும்.
* வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறையாவிட்டாலும் சுகர், பிபி கட்டுப்பாட்டுக்கு இந்த நடை உதவும்.
* எடையோடு இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

யார் உஷாராக இருக்கணும்?

இன்சுலின் அல்லது சுகர் மாத்திரை எடுப்பவர்கள் "விரதத்தோட நடந்தா இன்னும் குறையும்" என்று வெறும் வயிற்றில் 14 கி.மீ. நடக்கக் கூடாது. சுகர் திடீரென இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், கையில் குளுக்கோஸோ மிட்டாயோ வைத்திருங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, வெறுங்காலில் நடக்கும்போது கொப்புளம் வந்தாலும் தெரியாது. வீடு திரும்பியதும் பாதத்தை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் சுற்றை முடித்தே ஆகணும் என்று நினைக்காமல், அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.