பூனைக்குச் சோறு வைக்கும் பெண்கள்

பாரதி புதுச்சேரியில் வாழ்ந்தது 1908 முதல் 1918 வரை. அவருடைய 'முரசு' பாடலில் ஒரு வெள்ளைப் பூனை வரும். அது ஈன்ற குட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். நிறத்தை வைத்து உயர்வு தாழ்வு பேசாதே என்பதற்காகச் சொன்ன உவமை அது. அந்தத் தாய்ப்பூனை சில மாதத்தில் மறுபடியும் சினையாகியிருக்கும். அத்தனை குட்டிகளுக்கும் அந்த வீட்டில் பால் ஊற்றியது யார் என்ற கேள்விக்கு உவமையில் இடமில்லை.

இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தலைநகரில் நடந்த ஒரு பூனைக் கதை வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1730களில் பாரிஸில் சேன் செவரேன் தெருவில் ஓர் அச்சுக்கூடம். வேலை பழகும் பையன்களுக்கு மிச்சம் மீதிதான் சாப்பாடு. எஜமானியின் பூனைக்கோ நல்ல உணவு. இரவெல்லாம் கூரையில் கத்தும் பூனைகளால் பையன்களுக்குத் தூக்கம் கிடையாது. ஒருவன் எஜமானரின் படுக்கையறைக்கு மேலே போய்ப் பூனைபோலவே கத்தினான். பொறுக்க முடியாமல் எஜமானர் பூனைகளை ஒழிக்கச் சொன்னார். தன் சாம்பல் நிறப் பூனையை மட்டும் தொடக்கூடாது என்றாள் எஜமானி. முதலில் அடித்துக் கொன்றது அதைத்தான். மற்றவற்றைப் பிடித்து, விளையாட்டாக விசாரணை நடத்தி, தூக்கில் போட்டுச் சிரித்தார்கள். அங்கே வேலை பார்த்த நிக்கொலா கொந்தா எழுதி வைத்ததை ராபர்ட் டார்ன்டன் 1984இல் ஒரு புத்தகமாக விரித்தபோது, உலகமே அதைத் தொழிலாளர் கலகமாக வாசித்தது. அது சரிதான், பசி உண்மை. ஆனால் எஜமானரைத் தொட முடியாத கோபம் எஜமானியின் மடியில் கிடந்த பூனைமேல்தானே இறங்கியது? அதில் அவளைச் சூனியக்காரி என்று ஏசும் குத்தலும், பாலியல் கேலியும் இருந்ததை டார்ன்டனே கவனித்திருக்கிறார். பூனை வளர்க்கும் தனித்த பெண்ணை இன்றும் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

சென்னையில் மாநகராட்சி தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியது 1860இல். 1990களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள்வரை கொல்லப்பட்டன என்கிறது புளூ கிராஸ். அந்த அமைப்பு 1959இல் கேப்டன் சுந்தரம், உஷா சுந்தரம் தம்பதியின் வீட்டில் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர் உஷா. அடுத்த ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மாநிலங்களவையில் அதற்காக விடாமல் பேசியவர் ருக்மிணி தேவி அருண்டேல். (புதுச்சேரி அப்போது சட்டப்படி இந்தியாவுடன் இணைந்திருக்கவில்லை, அது 1962 ஆகஸ்டில்தான் நடந்தது.) கொல்லாமல் கருத்தடை செய்யலாம் என்று புளூ கிராஸ் சொன்னது 1964இல். மாநகராட்சி கேட்டது 1996இல். முப்பத்திரண்டு ஆண்டுகள். காரணம் எளிது: ஓர் இடத்தில் இருந்ததைக் கொன்றால், அங்கே கிடைக்கும் உணவுக்காகப் பக்கத்துத் தெருவிலிருந்து வேறொன்று வந்து குட்டி போடும். அறுவை செய்து அதே இடத்தில் விட்டால் அது தன் இடத்தைக் காத்துக்கொள்ளும், குட்டி போடாது.

பூனைக்கு இந்த வழியைப் பழக்கப்படுத்தியவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள். இங்கிலாந்தில் ரூத் பிளான்ட் 1977இல் இதற்கென்று ஓர் அமைப்பு கண்டார். மாடலிங் தொழிலில் புகழ்பெற்றிருந்த சீலியா ஹாமண்ட் அதை விட்டுவிட்டுக் கூண்டோடு அலைந்தார். பிரான்ஸில் 1999 ஜனவரிச் சட்டம், ஆளில்லாத பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட மேயர்களுக்கு வழி செய்தது.

நாம் கொஞ்சம் தயங்க வேண்டிய இடம் இது. 'கருத்தடை முகாம்' என்ற சொல்லை நம்மால் எளிதாக உச்சரிக்க முடியாது. நெருக்கடி நிலையில் ஆண்களைப் பிடித்துப்போய் அறுத்த கோபத்துக்குப் பிறகு, குடும்பக் கட்டுப்பாட்டின் கத்தி ஏறக்குறைய முழுதாகப் பெண்கள் பக்கம் திரும்பியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பெண்ணும் பூனையும் ஒன்றல்ல. பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும், கேட்கவும் முடியும். ஆனால் இலக்கு வைத்து எண்ணிக்கை காட்டும் அவசரம் இரண்டு இடத்திலும் ஒன்றே. பெட்டைப் பூனையின் வயிற்றைத் திறக்க வேண்டும், கடுவனுக்குச் சின்ன அறுவை போதும். பெட்டைக்குச் செலவும் அதிகம், தேறவும் நாளாகும். அவசரத்தில் செய்தால் தையல் பிரியும். பால் கொடுக்கிறதா என்று பார்க்காமல் தாயைத் தூக்கிப்போனால் குட்டிகள் எங்கோ ஓட்டு இடுக்கில் பட்டினியில் சாகும். எந்தப் பூனை எப்போது ஈன்றது என்பது அன்றாடம் அதற்குச் சோறு வைப்பவளுக்குத்தான் தெரியும்.

குபேர் அங்காடியில் மீன் விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். செவுளும் குடலும் விழும் இடத்தில் பூனை இருக்கும். அவர்கள் யாரும் தங்களை விலங்கு ஆர்வலர் என்று சொல்லிக்கொள்வதில்லை. வெள்ளை நகரத்துப் பெரிய வீட்டில் தட்டில் தீவனம் வைப்பவரையே அந்தப் பெயர் சேர்கிறது. பாரிஸ் அச்சுக்கூடத்தின் கணக்கு இன்னும் தீரவில்லை.

2001 விதிகளின் பெயரில் 'நாய்கள்' என்றிருந்தது. 2023இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் அந்தச் சொல் போய், 'சமூக விலங்குகள்' வந்திருக்கிறது. அவற்றுக்குச் சோறு வைக்க இடமும் நேரமும் குறித்துத்தர வேண்டியது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம், தெருநாய்களுக்குக் கண்ட இடத்தில் உணவு வைக்கக்கூடாது, குறித்த இடத்தில்தான் என்றது. வழக்கில் சேர விரும்பும் தனிநபர் 25,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. ஒரு மீன்காரம்மாவுக்கு இது எத்தனை நாள் வியாபாரம்? இடம் குறிக்க எந்தச் சங்கமாவது கூடும்போது அவளையும் கூப்பிடுவார்களா என்று கேட்டு வைப்போம். மார்க்கெட்டில் எத்தனை பெட்டைகள், எது சினை என்று அவளுக்குத் தெரியும்.