கல்கத்தா வழி வந்த ஊசி

சிவகாசியில் இருக்கும் எங்க அத்தைக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பட்டாசு ஆபீஸில் உட்கார்ந்து சரம் பின்னிய கை அது. (வெளியூர்க்காரர்களுக்கு: எங்க பக்கம் ஆலையைத்தான் ‘ஆபீஸ்’ என்போம்.) போன தை மாசம் போன் செய்தார். “பக்கத்துத் தெருவுல சீனா ஊசி வைத்தியம் பாக்குறாகளாம்யா. போகலாமா? அது எங்கிருந்து வந்துச்சு, நம்பலாமா, பாத்துச் சொல்லு.”

சீனப் பட்டாசு உள்ளே வரக்கூடாது என்று கொடி பிடித்த ஊரில் சீன ஊசிக்கு ஆள் சேருகிறது என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. ஆனால் அத்தைக்குச் சர்க்கரையும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் நாடி பார்த்து, ஒரு விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு, “இனி மாத்திரை எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். இவரும் நிறுத்திவிட்டார். நாலு மாசத்தில் காலில் புண். விரல் போகாமல் தப்பியதே பெரிசு. அதனால் இந்த முறை கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன்.

அக்குபங்சர் என்றாலே ‘5000 வருஷப் பழமை’ என்று ஆரம்பிப்பார்கள். சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. உடம்பில் ஓடும் தடங்களைப் பற்றி அவற்றில் இருக்கிறது, ஊசி குத்துவது பற்றி இல்லை. சூடு வைப்பதைத்தான் சொல்கின்றன. ஊசியை விரிவாகப் பேசுவது அதற்குப் பின் நிலைபெற்ற ‘மஞ்சள் பேரரசர்’ பெயரிலான நூல். ஆக, சுமார் 2000 வருஷம். அதுவே போதுமான பழமைதான், எதற்கு மேலே ஏற்றிச் சொல்ல வேண்டும்?

அதோடு இந்த 2000 வருஷமும் ஒரே மரியாதையோடு ஓடவில்லை. 1822-ல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசியை விலக்கினார். 1929-ல் நான்கிங் அரசு பாரம்பரிய மருத்துவத்தையே ஒழித்துக்கட்டப் பார்த்தது. மறுபடி உயிர் வந்தது போர்க்காலத்தில், மருந்து கிடைக்காத யெனான் மலைப்பகுதியில். அங்கிருந்த சூ லியான் என்ற பெண் மருத்துவர், மேல்நாட்டு மருத்துவம் படித்தவர், 1951-ல் ‘புதிய அக்குபங்சர்’ என்றே புத்தகம் போட்டார். இன்று நாம் பார்க்கும் மெல்லிய எஃகு ஊசி, சுத்தப்படுத்தும் முறை, நரம்புகளை வைத்துச் சொல்லும் விளக்கம் எல்லாம் இந்த நவீன காலத்துச் சரக்கு.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் டாக்டர் கோட்னிஸ் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1938-ல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து டாக்டர்களில் சோலாப்பூர் கோட்னிஸ் ஒருவர். ஆனால் அவர் 1942 டிசம்பர் 9-ல், 32 வயதில், அங்கேயே இறந்துவிட்டார். ஊசியைக் கொண்டுவந்தவர் அதே ஐவரில் இன்னொருவர், வங்காளத்து பிஜய் குமார் பாசு. 1943-ல் ஊர் திரும்பியவர், 1958-ல் மறுபடி சீனா போய் முறையாகக் கற்றுக்கொண்டு, 1959-லிருந்து கல்கத்தாவில் சிகிச்சை தர ஆரம்பித்தார். தன் தோழரின் பெயரில் கோட்னிஸ் நினைவுக் குழு வழியாக அதைப் பரப்பினார். அதனால்தான் பெயர் மாறிப்போனது என்று நினைக்கிறேன்.

உலகம் முழுக்க இது பரவலாகப் பேசப்பட்டது அதற்கும் பிறகுதான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீகிங்கில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் வழக்கமான மயக்க ஊசி போட்டுத்தான் நடந்தது. பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி குத்தினார்கள். ‘ஊசியை மட்டும் வைத்து ஆபரேஷன்’ என்று கதை எப்படியோ வளர்ந்துவிட்டது. நம் மத்திய சுகாதாரத் துறை 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்தது.

சரி, வேலை செய்கிறதா? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள், முடிவு 2007-ல் வந்தது. ஆறு மாசத்துக்குப் பின் முறையான புள்ளிகளில் குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல குணம். புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகக் குத்தியவர்களில் 44.2. மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 மட்டும். இரண்டு பக்கமும் உதைக்கும் கணக்கு இது. ஊசிக்காரர்களுக்கு வலி குறைகிறது, ஆனால் எங்கே குத்தினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் குறைகிறது. வலிக்கு இது. சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக ஊசி என்பதற்கு இப்படி ஓர் ஆதாரத்தை நான் பார்க்கவில்லை. சர்க்கரை இருப்பவர்களுக்குத்தான் தோள் இறுகிப்போவதும் அதிகம். ஆக மாத்திரையை நிறுத்தினால் தோளுக்கும் கேடு.

அத்தையிடம் போனில் சொன்னது இவ்வளவுதான். முதலில் நிறையக் கேள்வி கேட்பார்கள், நாடியும் நாக்கும் பார்ப்பார்கள். ஊசி முடி மாதிரி இருக்கும், கொசுக்கடி போல ஒரு சுருக். பிறகு மந்தமாகக் கனக்கும் அல்லது மரமரக்கும், பயப்பட வேண்டாம். இருபது முப்பது நிமிஷம் படுத்திருக்க வேண்டும். ஒரு தடவையில் தீராது, அந்த ஜெர்மன் ஆய்விலேயே பத்துத் தடவை. பாக்கெட்டை உங்க கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்க. தோளிலும் நெஞ்சிலும் ஆழமாகக் குத்தினால் அபூர்வமாக நுரையீரலில் ஓட்டை விழுந்திருக்கிறது, மூச்சு முட்டினால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துடுங்க.

எட்டுத் தடவை போய் வந்தார். தலையில் பூ வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கை எழும்புகிறதாம். ஊசியாலா, எட்டு நாள் வேலை செய்யாமல் படுத்ததாலா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. சர்க்கரை மாத்திரை தொடர்கிறது.

“அப்ப இது சீனாவா, கல்கத்தாவா?” என்றார்.

“ரெண்டும்தான் அத்தை. சீனாவுல கத்துக்கிட்டு கல்கத்தாவுல ஆரம்பிச்சாரு.”

“அதுவுஞ் சரிதான். நம்ம அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்ததும் கல்கத்தாவுல இருந்துதானேய்யா” என்றார் அத்தை.